குதிரை பிடித்திருந்தவரின் காது

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா காதைப் பார்ப்பார். குல்லாவை லேசாக விலக்கி இடது காதை ஒரு பார்வை, வலது காதை ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் குழந்தைக்கு முகம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் வரும். "மூக்கு மாறும், முடி கொட்டும், நிறம் எப்படி வேணா வரும் போகும். காது மட்டும் பொறந்தப்ப எப்படியோ கடைசி வரைக்கும் அப்படியே" என்பார். டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது. அக்கா எந்த டாக்டரையும் கேட்டுக்கொண்டு பேசியதில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது டெக்ஸாஸில் புது வீடு கட்டிப் போய்விட்டார், எழுதினால் அங்கிருந்து போன் வரும். எங்கள் அபார்ட்மென்டில் இருந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் அவர் வெறும் அக்காதான். பிரசவமாகி வீட்டுக்கு வந்தால் பால் வருகிறதா என்று பார்க்கும் நர்ஸுக்கு முன்னால் அக்கா வந்துவிடுவார், கையில் பூண்டுக் குழம்போடு.

என் மகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "அப்படியே உன் மாமியார்டி." என் மாமியார் விசிட்டர் விசாவில் வந்து அதே ஹாலில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. சும்மா உபசாரத்துக்குச் சொன்னதாக ஒரு வார்த்தை பின்னால் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் என்னடி பண்ணட்டும், இருக்கறதத்தானே சொல்ல முடியும்" என்றார். இன்று என் மகள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தும்போது எனக்கு மாமியார்தான் தெரிகிறார், அது வேறு விஷயம்.

எடிசனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு ஸ்வீட் கடை வரிசையில் ஒரு நாள் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தட்டி, "நீங்க சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல இரும்புக்கடை வச்சிருந்தவரு வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். அந்தப் பெண் மைசூர்பாகு பெட்டியைக் கீழே போடாதது ஆச்சரியம். பேத்தியாம். அக்கா அந்த இரும்புக்கடைக்காரரைச் சின்ன வயதில் ஆணி வாங்கப் போனபோது பார்த்தது.

எப்போதும் சரியாக வராது. மளிகைக் கடை கல்லாவில் இருந்த ஒருவரைத் தன் கல்லூரித் தோழியின் தம்பி என்று அடித்துச் சொன்னார். அவர் குஜராத்தி, பரம்பரையாகச் சூரத்தில் இருப்பவர்கள். வெளியே வந்ததும் நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "அவருக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். தன் கண் தவறியிருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. கூட இருப்பவர்களுக்கு இது சில நேரம் தைரியத்தைக் கொடுக்கும், சில நேரம் பயத்தை.

அக்கா வந்தது கணவரின் வேலையை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கும் எச்-ஃபோர் விசாவில். ஊரில் பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், இங்கே சம்பளத்துக்குத் துரும்பைக்கூட அசைக்கக் கூடாது. கணவர் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி மன்ஹாட்டன் போய்விடுவார். பிளெய்ன்ஸ்பரோவை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் பகல் நேரத்தில் அக்காவுக்குப் போக்கிடம் நூலகம் ஒன்றுதான். அங்கே நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போனவர் கதவு மாறிப் பின்னறைக்குள் நுழைந்துவிட்டார். அது ஊர் வரலாற்றுச் சங்கத்தின் அறை. மேஜை முழுக்கப் பழைய போட்டோக்கள் பரப்பிக் கிடந்தன. ரயில் நிலையம், தேவாலயம், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், பண்ணை வீடுகள், அவற்றின் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள். "ஒருத்தர் மூஞ்சிலயும் சிரிப்பில்லடி. நம்ம ஊர் கல்யாண போட்டோல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிப்பாங்களே, அப்படியே" என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார். அந்த ஆங்கில வகுப்புக்கு அவர் அப்புறம் போகவே இல்லை.

சங்கத்தின் தலைவர் வால்டர். எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், நெடுநெடுவென்ற உயரம். எங்கள் அபார்ட்மென்ட் நிற்கும் மண்ணில் அவருடைய தாத்தா உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார். ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துடையது. முதல் நாளே அக்கா இரண்டு போட்டோக்களை அவர் முன்னால் நீட்டினார். ஒன்றில் பள்ளிக்கூட வாசலில் செருப்பில்லாமல் நிற்கும் பிள்ளைகள். இன்னொன்றில் தாழ்வாரத்து நாற்காலியில் ஒரு கிழவி. "சேம் கேர்ள்" என்று ஒரு பிள்ளையையும் கிழவியையும் தொட்டுக் காட்டினார். வால்டர், சுவாரஸ்யமாக இருக்கிறது என்றாராம். அமெரிக்கர்கள் அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். ஆனால் அடுத்த வாரம் அவரே அபார்ட்மென்ட் வாசலில் வந்து காரை நிறுத்திவிட்டார். அந்தக் கிழவியின் வேறொரு போட்டோவின் பின்பக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயரே எழுதியிருந்ததாம்.

கட்டடங்களுக்கும் ஜாடை உண்டு என்பது அக்காவின் கட்சி. இன்றைக்கு பீட்ஸா கடை இருக்கும் கட்டடத்தின் நெற்றியைப் பார்த்துவிட்டு, போட்டோவில் இருக்கும் பழைய பலசரக்குக் கடை இதுதான் என்றார். நடுவில் யார் யாரோ சுவரை இடித்து, ஜன்னலை அடைத்து, பிளாஸ்டிக் பலகை ஒட்டி மறைத்திருந்தார்கள். கூரையின் சரிவைக் காட்டி, "மண்டை மாறல பாருங்க" என்று வாதாடினார். வால்டர் ஏணி போட்டு ஏறிப் பலகையை நெம்பிப் பார்த்தால் உள்ளே பழைய கடையின் பெயர் எழுத்துகள் மங்கலாக இருந்தன. அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி, கழுத்தில் மாட்ட பெயர் அட்டை, கதவுக்குச் சாவி எல்லாம் கிடைத்துவிட்டன. அந்தச் சாவியை அவர் வீட்டுச் சாவியோடு கோக்காமல் தனியாக வைத்திருந்தார். இந்த நாட்டில் தன் பெயருக்கு என்று கொடுக்கப்பட்ட ஒரே பொருள் அது என்று ஒரு தடவை சொன்னார்.

வியாழக்கிழமைதோறும் போவார். வால்டர் டோனட் வாங்கி வருவார், அக்கா எலுமிச்சைச் சாதம் கொண்டுபோவார். வால்டருக்கு மிளகாய் ஆகாது, அதனால் தாளிப்பதற்கு முன்னால் அவர் பங்கை எடுத்து வைத்துவிடுவார். போட்டோவில் இருக்கும் யாருக்கு யார் என்ன முறை என்று அக்கா தீர்மானித்துக்கொண்டே போவார், வால்டர் ஆதாரம் தேடி ஓடுவார். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள் மூத்த மருமகள், தரையில் உட்கார்ந்திருப்பவன் செல்லப் பிள்ளை, இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பார் எப்படித் திரும்பி நிற்கிறார்கள் என்று. வால்டர் அவரை எங்கள் துப்பறிவாளர் என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவார். அப்போது அக்காவின் முகம் கல்லூரியில் வேலை பார்த்த காலத்து முகமாகிவிடும், அந்தக் காலத்தில் அவரை நான் பார்க்காவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஊரின் ஆண்டு விழாவுக்குப் பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிக் கண்காட்சி வைப்பது என்று முடிவானது. வால்டர் தன் வீட்டுப் பரணிலிருந்தே ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் இருந்ததுதான் அந்தப் படம். கண்ணாடித் தட்டில் எடுத்த படம், பெரிதாக்கினால் சட்டைப் பொத்தான் வரைக்கும் தெரியும். பண்ணை வீட்டின் படிகளில் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் தாடிக்காரர், வால்டரின் கொள்ளுத்தாத்தா. அவர் காலடியில் மடியில் தொப்பியோடு ஒரு சிறுவன், வால்டரின் தாத்தா. படிகளை விட்டுத் தள்ளி, படத்தின் ஓரத்தில், ஒரு கறுப்பின இளைஞர் குதிரையைப் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு நிற்கிறார்.

அந்த வாரம் முழுக்க அக்கா வழக்கம்போல் பேசவில்லை. குழம்பில் உப்பில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி, ஒண்ணு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். அக்கா யோசித்துப் பேசுகிறவர் இல்லை என்பதால் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சட்டங்களைத் தூக்கி மாட்ட ஆள் போதாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அறையில் சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். செயலாளர் அம்மாள் லேப்டாப்பில் விவரக் குறிப்புகளை அடித்துக்கொண்டிருந்தார், வால்டர் ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் படம் வந்தது. படியில் குடும்பத்தார், பக்கத்தில் பண்ணை வேலையாள் என்றார்.

"வெயிட், வால்டர்" என்றார் அக்கா.

எழுந்து போய்த் திரையில் இருந்த படத்தில் அந்த இளைஞரின் காதைப் பெரிதாக்கினார். மேல் மடிப்பில் பட்டாணி அளவு ஒரு முடிச்சு, அடியில் மடல் என்பதே இல்லாமல் கன்னத்தோடு ஒட்டிய காது. அப்புறம் தாடிக்காரரின் காது. அதே முடிச்சு, அதே ஒட்டல். அப்புறம் நிமிர்ந்து வால்டரைப் பார்த்தார். அவரைப் பார்க்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் முயற்சி செய்தோம், முடியவில்லை. வால்டரின் காது அந்த நேரம் பார்த்துச் சிவந்துபோய் முடிச்சை இன்னும் நன்றாகக் காட்டியது.

"திஸ் மேன் ஆல்ஸோ யுவர் ஃபேமிலி, வால்டர். சேம் இயர்" என்றார் அக்கா. குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. என் மகளைப் பார்த்து மாமியார் என்று சொன்ன அதே குரல்.

அவர் பண்ணையில் கூலிக்கு இருந்தவர் என்றார் வால்டர்.

"ஹயர்டு மேன், ஓகே. ஹூஸ் சன்?"

செயலாளர் அம்மாள் லேப்டாப்பில் எதையும் அடிக்கவில்லை. அதற்கு ஆவணம் எதுவும் நம்மிடம் இல்லை என்றார் வால்டர்.

"நோ ரெக்கார்டு, ஓகே. பட் இயர் இஸ் தேர்."

நான் அவர் கையைப் பிடித்து, "அக்கா, ப்ளீஸ், போதும், வாங்க போலாம்" என்றேன். வால்டர் கையில் இருந்த சுத்தியலை மேஜை மேல் வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வெளியே போனார். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மிச்சம் இருந்தவர்கள் சட்டங்களைத் துடைக்க ஆரம்பித்தார்கள், ஏற்கெனவே துடைத்த சட்டங்களை.

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் டிராஃபிக். காரில் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். "உங்களுக்குத் தெரியாதுக்கா. இந்த ஊர் ஹிஸ்டரியே வேற. ஸ்லேவரி, ரேஸ் எல்லாம் எவ்வளவு சென்ஸிடிவ் தெரியுமா? நம்ம வீட்ல அண்ணன் கருப்பு, தங்கச்சி சிவப்புன்னு பேசற மாதிரி இங்க பேச முடியாது. அந்த மனுஷன் ஃபேமிலியைப் பத்தி எல்லார் முன்னாடியும் என்ன சொல்லிட்டு வந்திருக்கீங்கன்னு ஐடியா இருக்கா?"

அக்கா கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டி, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பண்ணைக்கார வீட்டு ஜாடை தெருக்கோடி குடிசையில இருக்கறது அமெரிக்காவுல மட்டுந்தான் நடக்குமா? எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க."

"அப்ப தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரியாமச் சொல்ல நான் என்ன பச்சப் புள்ளையா? பச்சப் புள்ளையா இருக்கும்போதுதான் ஒரு தடவை சொல்லிட்டேன்."

அப்போதுதான் அதைச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் ஒரு கல்யாணம். பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள் தன் பையனையும் கூட்டி வந்திருந்தாள். பந்தலில் உறவு ஜனம் அத்தனை பேரும் இருக்கும்போது, "இவனுக்குப் பெரியப்பா காது" என்று அக்கா உரக்கச் சொல்லிவிட்டார். அம்மா கன்னத்தில் அறைந்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து பையனைக் கூட்டிக்கொண்டு கொல்லை வழியாகப் போனாள். அதற்குப் பிறகு அவளை அந்தத் தெருவில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"எனக்கு ஒரு அறை. அவளுக்கு வேலை போச்சு. எங்க பெரியப்பா பந்தியில உக்காந்து பாயசம் சாப்பிட்டாரு" என்றார் அக்கா. "இந்த வாரம் பூரா அதத்தான் யோசிச்சேன். இப்ப சொன்னா யாருக்கு நஷ்டம்? குதிரையப் புடிச்சிருக்கறவருக்கு இனிமே நஷ்டமாக ஒண்ணுமில்ல. எனக்குத்தான் அந்த நாற்காலி போகும். போனாப் போகட்டும்னுதான் சொன்னேன். ஆனா இந்தத் தடவை நான் சொன்னது பத்தாதுடி. அவரு வாயால சொல்லணும்."

அவரை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துப் பாடம் எடுத்திருந்தேன்.

நாற்காலி போனது. திங்கட்கிழமையே செயலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. இத்தனை காலம் செய்த சேவைக்கு மனமார்ந்த நன்றி, தொண்டர்களின் பணிகளை மாற்றி அமைக்கிறோம், சாவியை நூலக மேஜையில் கொடுத்துவிடலாம். இந்த ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் நன்றி சொல்லித்தான் தள்ளுவார்கள். அக்கா சாவியைத் துணியால் துடைத்து ஓர் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அழவில்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை கை பழக்கத்தில் எலுமிச்சைச் சாதம் கிளறி, தாளிக்காத பங்கைத் தனியாக எடுத்தும் வைத்துவிட்டார். அதை நான்தான் ஆபீஸுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். சாதத்தில் ருசியே இல்லை, அந்த மனிதர் இதை எப்படித்தான் வாராவாரம் சாப்பிட்டாரோ.

"அவர் வர மாட்டாருக்கா. விட்டுடுங்க" என்று ஒரு நாள் சொன்னேன்.

"வருவாரு. தெனம் கண்ணாடி பாத்துத்தானே ஷேவ் பண்றாரு. காது எங்கடி போகும்?"

அவருடைய நம்பிக்கை எனக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட அது பொய்த்துப்போய்விட்டால் அவர் என்ன ஆவார் என்ற பயம் பெரிதாக இருந்தது.

கண்காட்சித் திறப்புக்கு ஊர் முழுவதற்கும் அழைப்பு. போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அக்கா அரக்குப் பட்டுப்புடவை கட்டி, தலையை வாரி, கல்யாண வீட்டுக்குக் கிளம்புவது மாதிரி வந்து நின்றார். "நான் என்ன தப்புப் பண்ணேன், ஒளிஞ்சுக்கிறதுக்கு?" என்றார்.

டவுன்ஷிப் அலுவலகக் கட்டடத்தின் நீண்ட கூடத்தில் படங்கள் மாட்டியிருந்தார்கள். செயலாளர் அம்மாள் எங்களைப் பார்த்ததும் சீஸ் தட்டைச் சரிசெய்யப் போய்விட்டார். அக்கா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று குறிப்பைப் படித்துக்கொண்டு வந்தார். அவர் கண்டுபிடித்துச் சொன்னவை பலவும் அதில் இருந்தன. பண்ணை வீட்டுப் படத்துக்கு முன்னால் வந்தோம்.

ஓரத்தை வெட்டியிருந்தார்கள். படிகள் இருந்தன, தாடிக்காரர் இருந்தார், சிறுவன் இருந்தான், குதிரையும் இருந்தது. குதிரையை வெட்டினால் படம் கெட்டுவிடும் என்று விட்டிருப்பார்கள். பிடித்திருந்தவர் இல்லை. ஆனால் கடிவாள வாரைப் பற்றிய கை மட்டும் மணிக்கட்டு வரைக்கும் சட்டத்தின் விளிம்பில் மிச்சம் இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அந்தக் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். வால்டர். கோட்டு, டை. சில வாரங்களில் சில வருஷம் கூடின மாதிரி இருந்தார். வந்ததற்கு நன்றி என்று சொல்லி அக்காவிடம் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையை வாங்கினார். குலுக்கவில்லை, விடவும் இல்லை. புரட்டிப் பார்த்தார். வால்டரின் சுண்டுவிரல் நுனி மோதிரவிரல் பக்கமாக வளைந்திருந்தது. அக்கா படத்தில் இருந்த கையைப் பார்த்தார். அந்தச் சுண்டுவிரலும் அப்படித்தான் வளைந்திருந்தது.

"ஹேண்டும் சேம்" என்றார் மெதுவாக. பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கும்படி.

வால்டர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெட்டியது நான்தான் என்றார். ஊருக்குக் காட்டுவதற்கு முன்னால் என் வீட்டுக்குக் காட்ட வேண்டும், அதற்குத் தைரியம் வரவில்லை என்றார். முழுப் படம் வீட்டில் இருக்கிறது, நாளைக்கு என் மகள் வருகிறாள், அவள் வருவதற்கு முன்னால் நீ வந்து ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டார். அப்புறம், வியாழக்கிழமை அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடவில்லை என்றும் சொன்னார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நேராக வால்டர் வீட்டுக்குப் போகலாம் என்றால், "ஓக் ட்ரீ ரோடு போயிட்டுப் போவோம்டி, பூ வாங்கணும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். ஐஸ்பெட்டியில் வைத்திருந்த மல்லிகைச் சரம் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கார் முழுக்க மணத்தது.

பழைய பண்ணை வீடு அப்படியே இருக்கிறது, நிலம்தான் போய்விட்டது. படத்தில் குடும்பம் உட்கார்ந்திருந்த அதே படிகளில் ஏறி உள்ளே போனோம். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று வால்டர் சொல்லியும் அக்கா வாசலிலேயே கழற்றினார். ஹாலில் கணப்புக்கு மேலே அந்தப் படம் முழுசாக மாட்டியிருந்தது. ஆணி புதிது. குதிரையைப் பிடித்திருந்தவர் முழு உயரத்துக்கு நின்றார்.

வால்டர் சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் படம் அதே இடத்தில்தான் இருந்ததாம். விருந்தாளிகள் வந்தால் அவர் அப்பா அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிடுவாராம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை என்றார். பதில் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை போலிருக்கிறது என்றார்.

அக்கா பையிலிருந்து பூவை எடுத்து அவரிடம் நீட்டினார். இது எதற்கு என்று வால்டர் கேட்டார். எங்கள் வீடுகளில் போய்ச் சேர்ந்த பெரியவர்களின் படத்துக்குப் பூப்போடுவோம் என்று நான் விளக்கினேன். நீயே போடேன் என்று அவர் அக்காவிடம் திருப்பி நீட்டினார்.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நோ, வால்டர். ஐ ஆம் அவுட்சைடர். ஃபேமிலி ஒன்லி" என்றார். என்னைப் பார்த்து, "அடுத்த வீட்டுப் பெரியவங்களுக்கு நாம போடக் கூடாதுடி, அவரே போடட்டும்" என்றார்.

வால்டர் அந்தச் சரத்தைச் சட்டத்தின் மூலையில், குதிரைக்காரருக்கு மேலே, மாட்டினார். நழுவியது. மறுபடி மாட்டினார்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மகள் வந்துவிட்டாள் என்றார் வால்டர். நீ இரு, நீயே சொல்லிவிடு, உனக்குத்தான் இதெல்லாம் நன்றாக வரும் என்று அக்காவிடம் கெஞ்சினார்.

"இது நான் சொல்றதில்ல" என்றார் அக்கா. தமிழில்தான் சொன்னார். வால்டருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

மகள் எங்களுக்கு ஹாய் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாங்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். அக்கா புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பூ வாசனை எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்பது காதில் விழுந்தது. பிறகு, அது யார் என்று கேட்டாள்.

செருப்பு வாரின் மேல் அக்காவின் விரல்கள் அசையாமல் இருந்தன.

"குதிரையைப் பிடித்திருக்கிறாரே, அவர் உன் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன்" என்று வால்டர் சொல்வது கேட்டது.

அக்கா வாரைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.